குருதி சொல்வதும் சொல்லாததும்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மரபணுவியல் அறிஞர் டேவிட் ரைக் 2018ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட நூலின் தலைப்பை, 'நாம் யார், இங்கு வந்து சேர்ந்தது எவ்வாறு' என்று தமிழில் கூறலாம். பண்டைய எலும்புகளிலிருந்தும் இன்று வாழ்வோரின் குருதியிலிருந்தும் மனுக்குலத்தின் வரலாற்றை அறிய முயலும் இந்நூல், இந்தியாவுக்கென ஓர் அதிகாரத்தை ஒதுக்கியுள்ளது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வாழும் இருளர் மக்களை மனத்திற்கொண்டு அவ்வதிகாரத்தை மதிப்பிட விழைகிறோம். முன்னோர் யார் என்னும் வினா அறிஞர்க்கு ஆராய்ச்சிப் பொருள். இருளர்க்கோ அது அன்றாட வாழ்வின் வழக்கு.

நூலின் சிறப்பை முதற்கண் ஒப்புக்கொள்வோம். ஐதராபாத்து ஆய்வு மையத்தின் லால்ஜி சிங், தங்கராஜ் ஆகியோருடன் ரைக் இணைந்து 2009இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியரில் பெரும்பாலோர் இரு பழைய மக்கள் ஓடைகளின் கலப்பினர் என்று காட்டியது. ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடையே அக்கலப்பு நிகழ்ந்தது என்றும், பின்னர் அகமணம் என்னும் சுவர் எழுந்தது என்றும் 2013இல் வந்த ஆய்வு கூறியது. தூய குருதி என்று பெருமை பேசுவோர்க்கு இதனினும் வலிய மறுப்பு வேண்டுவதில்லை. சுவர் ஆதியில் இருந்ததன்று, இடையில் கட்டப்பட்டது.

அச்சுவரின் விலையையும் நூல் எடுத்துரைக்கிறது. ஒரு சிறு கூட்டத்தினின்று பெருகித் தமக்குள்ளேயே மணந்துவரும் சமூகத்தில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மரபணுப் பழுது பிள்ளைக்கு வந்து சேரும் வாய்ப்பு மிகுதி. ஆந்திரத்து வைசியர் சிலருக்கு, அறுவை மருத்துவத்தில் தசைகளைத் தளர்த்தக் கொடுக்கும் மருந்து உரிய நேரத்தில் தெளியாமற்போவது இதற்கு எடுத்துக்காட்டு. 2017இல் ஆராயப்பட்ட 263 குழுக்களுள் 81 குழுக்களில் இவ்விளைவு பின்லாந்து மக்களிடமும் அஷ்கெனாசி யூதரிடமும் காணப்படுவதைவிடக் கடுமையாக இருந்தது. நோயை முன்னறிந்து தடுக்க இவ்வறிவு உதவும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் மூன்று குறைகளைச் சுட்டுவது நம் கடமையாகிறது.

முதலாவது, எண்ணிக்கையைப் பற்றியது. 2009ஆம் ஆண்டின் ஆய்வு 25 குழுக்களைச் சேர்ந்த 132 பேரைக் கொண்டு நடந்தது. இந்திய மானிடவியல் ஆய்வகம் 1985இல் தொடங்கிய கணக்கெடுப்போ இந்நாட்டில் 4,635 சமூகங்களை இனங்கண்டது. மேலும், பெயர் ஒன்றாயிருப்பதனால் மக்களும் ஒன்றே என்று கொள்ளலாகாது. நீலகிரிப் பழங்குடியினரின் குருதியில் அரிவாள் உயிரணுத் தன்மை இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்னும் இருவர் கண்டறிந்தனர்; அப்பழங்குடியினருள் இருளரும் அடங்குவர். மலையின் இருளரிடம் கண்டதைத் திண்டிவனத்துச் செங்கற்சூளையிலும் அரிசி ஆலையிலும் உழைக்கும் சமவெளி இருளர் மீது அப்படியே ஏற்றிச் சொல்வது அறிவியலாகாது. சிலரை அளந்து பலருக்காகப் பேசும் வழக்கத்தை இத்துறை இன்னும் முற்றிலும் விட்டொழிக்கவில்லை.

இரண்டாவது குறை, குருதி கொடுத்தோரின் குரலைப் பற்றியது. கண்டறிந்த இரு ஓடைகளுக்கும் என்ன பெயரிடுவது என்பதில் ஐதராபாத்தில் எழுந்த கருத்து வேற்றுமையை ரைக் நேர்மையாக விவரிக்கிறார். அவ்விவாதத்தில் அறிஞர் இருந்தனர். குருதி கொடுத்தோர் இல்லை. அமெரிக்காவின் ஹவாசுபாய் பழங்குடியினர், ஒரு நோக்கத்திற்காகத் தாங்கள் தந்த குருதி வேறு ஆய்வுகளுக்குப் பயன்பட்டதை எதிர்த்து வழக்காடி, 2010இல் இழப்பீடும் தங்கள் குருதி மாதிரிகளையும் பெற்றனர். அமெரிக்கப் பழங்குடியினரைப் பற்றிய அதிகாரத்தில் இத்தகைய மனக்குறைகளை ஆராயும் ஆசிரியர், இந்திய அதிகாரத்தில் அதே அழுத்தத்தோடு அவ்வினாவை எழுப்பவில்லை. நம் மண்ணில் அதற்குத் தேவை இல்லையா? எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட ஏழு தொகுதிகளில், தென்னாற்காட்டு இருளரும் இடம்பெற்றுள்ளனர். மூக்கின் நீள அகலங்களை அளந்து மக்களைத் தரம்பிரித்த காலம் அது. அளவுகோல் மாறிவிட்டது, அளப்பவருக்கும் அளக்கப்படுபவருக்கும் உள்ள உறவும் மாறியதா என்பதே நம் வினா.

மூன்றாவது குறை, நமக்கு மிக அருகில் உள்ளது. பழங்குடியினர் என்னும் சாதிச் சான்றிதழ் பெறுவதற்கு இவ்வட்டார இருளர் கோட்டாட்சியர் அலுவலக வாசலில் ஆண்டுக்கணக்காகக் காத்து நின்ற வரலாறு உண்டு. அந்தத் தாள் இன்றேல் பிள்ளையின் கல்வியுதவி இல்லை. உரிய இடவொதுக்கீடும் இல்லை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முதலியோர் நடத்திவரும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம் இவ்வுரிமைக்காக நெடுங்காலம் போராடியுள்ளது. நாளை ஒருவர், 'மரபணுச் சோதனையால் இருளரை உறுதிசெய்துவிடலாமே' என்று கூறக்கூடும். அது பேராபத்து. எல்லா மக்களும் கலப்பினர் என்று மெய்ப்பித்த அதே அறிவியலைக் கொண்டு ஒருவரை அவர் இனத்தினின்று விலக்குவது முரண். அரசியலமைப்பின் 342ஆம் பிரிவு பழங்குடியினரைப் பட்டியலிடுகிறது. குருதியில் ஒரு விழுக்காட்டை அது கேட்கவில்லை. நூலாசிரியர் இவ்வாறு சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் தம் கண்டுபிடிப்பு எளியோர் வாழ்வில் எவ்வாறு கையாளப்படும் என்பதை அவர் இன்னும் விரிவாக எண்ணியிருக்கலாம்.

பிறரைக் கேட்ட கேள்விகளை நம்மிடமும் கேட்பதே நேர்மை. தமிழகத் திருச்சபையிலும் திருமணப் பேச்சு பெரும்பாலும் சாதி எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. மனுக்குலம் ஒரே மூலத்தினின்று தோன்றியது என்று பவுல் அத்தேனேயில் உரைத்ததை நாம் பிரசங்கிக்கிறோம். பெண் கொடுக்கும் வேளையில் மறந்துவிடுகிறோம். நம் உடலில் எழுதப்பட்ட அகமணத்தின் வரலாற்றை எந்த ஆய்வுக்கூடமும் படித்துவிடும். ஆகவே இந்நூல் சுட்டும் சுவர் நமக்குப் புறத்தே உள்ளதன்று.

முடிவாக ஒரு நினைவு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் திண்டிவனத்தில், ஒரே இரவில் மூன்று இளம் பெண்கள் மகப்பேற்று வேதனையில் மாண்டனர். ஆண் மருத்துவர் தங்கள் வீட்டுப் பெண்களைத் தொடலாகாது என்று அவர்தம் கணவன்மார் எண்ணியதே காரணம். மருத்துவர் அடுத்த அறையில் இருந்தார். மருத்துவ அறிவும் இருந்தது. இடையில் சுவர் நின்றது. அதைக் கண்ட ஐடா ஸ்கடர் தாமே மருத்துவம் பயின்று, 1900இல் வேலூரில் பணி தொடங்கினார். இன்றைய மரபணு அறிவும் அந்த இரவில் நிற்கிறது. இருளர் குடிசையிலிருந்து குருதி ஆய்வுக்கூடத்திற்குச் செல்லுமானால், மருந்தும் முன்னெச்சரிக்கையும் அவர்கள் மொழியிலான விளக்கமும் அதே குடிசைக்குத் திரும்பி வரவேண்டும். திரும்பி வாராத அறிவு, எத்துணை நுட்பமானதாயினும், கடனாகவே நிற்கும்.