‘பரதேசி’யில் கங்காணி

பேயும் பூதமுமின்றிக் காண்போர் குருதியை உறையச் செய்யும் படம், 2013ஆம் ஆண்டில் பாலா இயக்கிய ‘பரதேசி’. 1939இல் சாலூர் மக்கள் கங்காணியின் சொல்லை நம்பித் தேயிலைத் தோட்டத்துக்கு நடக்கின்றனர். வழியில் வீழ்ந்தவனை உயிர் பிரியுமுன்னரே விட்டுச் செல்கின்றனர். தப்பியோடிய இராசாவின் கால் நரம்பு அறுக்கப்படுகின்றது. எனினும், அவ்வரிவாளினும் கூரியது கணக்கேடு; கூலி நாளில் கழிவுகள் போக எஞ்சுவது கடனே! மலாயாவுக்குத் தொழிலாளர் அனுப்புவதை இந்திய அரசு 1938இல் நிறுத்தும்வரை கங்காணிமார் ஊர் ஊராய் ஆள் திரட்டினர். காஜாங் வட்டாரத்து இரப்பர்த் தோட்டங்களில் பிறந்தோர்க்கு இக்கணக்கேடு புதிதன்று.

படத்தின் குறை பிற்பகுதியில் உள்ளது. மூலமான பி. எச். டேனியலின் ‘ரெட் டீ’ (1969, தமிழில் ‘எரியும் பனிக்காடு’) புதினத்தில் மருத்துவர் ஆபிரகாம் தொழிலாளர்க்கு இரங்கும் சான்றோர். டேனியலே தோட்ட மருத்துவராய் இருந்தவர். படமோ அம்மருத்துவரை மதம் பரப்ப ஆடிப்பாடும் கோமாளியாக்கிவிட்டது. கொள்ளைநோயில் பிணங்கள் குவிகையில் இக்கூத்து எதற்கு? இறுதியில் அங்கம்மாள் குழந்தையுடன் அதே தோட்டத்துக்கு வந்து சேர, இராசா கதறும் காட்சியே அப்பிழையை ஓரளவு மறக்கச் செய்கின்றது.