பதிப்பும் மறு அச்சும்

தமிழ் நூலொன்றின் முன்தாளைப் புரட்டினால் 'முதற் பதிப்பு', 'ஏழாம் பதிப்பு' என்னும் குறிப்பைக் காண்கிறோம். ஏழாம் பதிப்பு என்றால் ஆசிரியர் ஆறு முறை திருத்தினார் என்பதா? ஏழு முறை அச்சேறிற்று என்பதா? பெரும்பாலும் பின்னதே உண்மை. ஆனால் அதனைத் தெளிவிக்கும் சொல் அங்கே இல்லை. இக்குழப்பம் சொல் வறுமையால் நேர்ந்ததன்று; இருக்கும் சொல்லை நெகிழவிட்டதனால் நேர்ந்தது.

நூலின் உறுப்புகளுக்குப் பெயரிடுவதில் தமிழர் நுட்பம் மிக்கவர். ஓலைச்சுவடியின் ஒரு துளையில் கயிறு கோத்தனர். மற்றொரு துளையில் செருகிய குச்சியை நாராசம் என்றனர். கயிற்றின் நுனியில் முடிந்த, கிளியின் மூக்குப்போலக் கத்தரித்த ஓலைத்துண்டு கிளிமூக்கு எனப்பட்டது. பாயிரத்துக்கு வழங்கும் பெயர்களை நன்னூல் தொகுத்துரைக்கிறது. அவற்றுள் முகவுரை என்பதை நூலாசிரியர் தாமே எழுதுவதற்கும், அணிந்துரை என்பதைப் பிறர் எழுதித் தருவதற்கும் இன்று வழங்குகிறோம். ஒரு பொருளுக்கு இருந்த பல பெயர்களைப் பல பொருள்களுக்குப் பகிர்ந்தளித்து, அச்சுக்காலம் நல்ல பயன் கொண்டது. 'பதிப்பு' என்னும் சொல்லுக்கோ நேர்மாறான நிலை வாய்த்தது. பல பொருள்கள் அந்த ஒரு சொல்லில் வந்து குவிந்தன.

1887ஆம் ஆண்டில் சி.வை. தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும், உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியையும் அச்சிற் கொணர்ந்தனர். ஏடு தேடுதல், ஒப்புநோக்குதல், பாடபேதம் குறித்தல், பொருந்திய பாடத்தைத் துணிதல் ஆகிய அனைத்தும் சேர்ந்ததே அவர்கள் செய்த பதிப்பு. பின்னர்க் கிடைத்த ஏடுகளைக் கொண்டு ஐயர் தம் நூல்களின் அடுத்த பதிப்புகளைத் திருத்தினார். ஆகவே அவருடைய நூலில் 'இரண்டாம் பதிப்பு' என்று கண்டால், அது புதிய உழைப்பொன்றின் அறிவிப்பாகும்.

ஒவ்வோர் அச்சீட்டையும் பதிப்பென்று வழங்கியதற்கு ஒரு காலத்தில் நியாயமும் இருந்தது. ஈய எழுத்துகளைக் கையாற் கோத்த நாளில், அச்சு முடிந்ததும் எழுத்துகளைக் கலைத்து அறைப்பெட்டியில் இடுவர். மறுமுறை அச்சிடுங்கால் முழு நூலையும் புதிதாகக் கோத்து, புதிதாகப் பிழை திருத்தவேண்டும். பழைய பிழை நீங்கலாம். புதிய பிழை புகலாம். அதனால் ஒரு வகையில் அது வேறு பதிப்பேயாகும். இன்று நூலின் பக்கங்கள் கணிப்பொறியில் அப்படியே இருக்கின்றன. வேண்டும்போது ஐம்பது படிகள் அச்சிடவும் இயலுகிறது. அந்த ஐம்பதையும் புதிய பதிப்பென்று கூறுவது பொருந்துமா?

இது சொல்லாராய்ச்சி மட்டுமன்று. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டம், வெளியாகும் நூல்களைக் கொல்கத்தா தேசிய நூலகம் முதலிய பொது நூலகங்களுக்கு அனுப்பப் பணிக்கிறது. முன்னரே ஒப்படைத்த நூல் மாற்றமின்றி மீண்டும் வெளிவருமாயின், அதற்கு அச்சட்டம் விலக்களிக்கிறது. மாற்றம் உள்ளதா என்பதே அங்கும் கேள்வி. நூலடைவு தொகுப்பவர்க்கும், அரிய நூல் சேர்ப்பவர்க்கும், மேற்கோள் காட்டும் ஆய்வாளர்க்கும் இக்கேள்வியே முதன்மையானது.

தில்லியிலும் மும்பையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனியானதோர் அக்கறை உண்டு. சென்னைக் கடைவீதியில் நான்கு படிகளைப் பிரித்து ஒப்பிட்டு வாங்கும் வாய்ப்பு நமக்கு அரிது. பட்டியலில் உள்ள ஒரு வரியை நம்பியே அஞ்சலில் நூல் வருவிக்கிறோம். பிள்ளைகளுக்கென வாங்கும் திருக்குறள் உரை திருத்தம் பெற்றதா, பழைய பிழைகளோடு மீண்டும் அச்சிட்டதா என்பதை அந்த ஒரு வரியே உரைத்தல் வேண்டும்.

இதற்குப் புதுச்சொல் படைக்க வேண்டுவதில்லை. பாடம் மாறினால் 'பதிப்பு'. மாறாமல் மீண்டும் அச்சேறினால் 'மறு அச்சு'. இரண்டும் வழக்கில் உள்ள சொற்களே. பதிப்பகத்தார் சிலர் இவ்வேறுபாட்டைப் பேணியும் வருகின்றனர். ஏனையோரும் பேணுவாராயின், விற்பனைப் பெருமைக்குரிய எண்ணிக்கை சற்றுக் குறையலாம். ஆயினும் ஏடேடாக ஒப்புநோக்கிக் கண் தேய்ந்த பதிப்பாசிரியரின் உழைப்பு, அச்சுப்பொறியின் சுழற்சியிலிருந்து வேறாகத் தெரியும்.