‘அக்காலம் அப்படி’: பழைய திரைப்படங்களை இன்று மதிப்பிடுதல் பற்றி

பழைய திரைப்படங்களைக் குறித்து நம்மிடையே இருவகைப் பேச்சு வழங்கி வருகிறது. “அந்தக் காலத்துப் படம்போல் இனி வருமா?” என்று பெருமூச்செறிவோர் ஒரு சாரார். “இதையெல்லாம் இன்றைக்கு யார் பார்ப்பது?” என்று ஒதுக்குவோர் மறு சாரார். முன்னவர் பெரும்பாலும் நம் வயதினர். பின்னவர் நம் மாணவர். முன்னதில் ஏக்கம் இருக்கிறது; பின்னதில் சலிப்பு இருக்கிறது. இரண்டிலும் மதிப்பீடு நிகழ்வதில்லை. பழைய படமொன்றை இன்றைய கண்கொண்டு எவ்வாறு பார்ப்பது என்பதை ஓர் எடுத்துக்காட்டின் வழியே இங்கு ஆராய விழைகின்றோம்.

அண்மையில் இறையியல் மாணவர் சிலருடன் அமர்ந்து, 1939-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கான் வித் த விண்ட்’ என்னும் அமெரிக்கப் படத்தைப் பார்த்தோம். மாணவப் பருவத்தில், விடுதி அறையொன்றில், வீடியோ நாடாவில் அதனை நாம் ஒருமுறை பார்த்ததுண்டு. அன்று பார்த்தவற்றுள் நினைவில் நின்றவை பற்றி எரியும் அட்லாண்டா நகரமும், செவ்வானத்தின் கீழ் நிற்கும் கதாநாயகியுமே. அப்படத்தில் கறுப்பின அடிமைகள் வருகிறார்கள் என்பதே நமக்கு நினைவில்லை. இம்முறை பார்க்கையில், ஏறக்குறைய ஒவ்வொரு காட்சியிலும் அவர்கள் இருக்கக் கண்டோம். கதவைத் திறக்கிறார்கள், விசிறுகிறார்கள், மூட்டை சுமக்கிறார்கள். அன்று அவர்களை நம் கண் காணவில்லை.

இடைவேளையில் மாணவர் ஒருவர் எழுந்து வெளியே சென்றார், திரும்பி வரவில்லை. படம் முடிந்தபின் மற்றொருவர், “ஐயா, அக்காலம் அப்படி. இன்றைய அளவுகோலைக் கொண்டு அதனை அளப்பது நியாயமாகுமா?” என்று வினவினார். அவ்வினாவுக்கு விடையாகவே இதனை எழுதுகின்றோம்.

1. படத்தின் வல்லமை

குறை கூறுமுன் நிறையை ஒப்புக்கொள்ளுதல் திறனாய்வாளரின் கடமை. மார்கரெட் மிட்சல் 1936-இல் வெளியிட்ட நாவலைத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் திரைப்படமாக்கினார். இயக்குநராக விக்டர் ஃபிளெமிங்கின் பெயர் திரையில் வருகிறது. அமெரிக்க உள்நாட்டுப் போரை (1861–1865) பின்னணியாகக் கொண்டு, ஜார்ஜியா மாநிலத்துப் பருத்திப் பண்ணை ஒன்றின் மகளாகிய ஸ்கார்லெட்டின் வாழ்வை ஏறத்தாழ மூன்றே முக்கால் மணி நேரம் சொல்கிறது. சிறந்த படத்துக்கான ஆஸ்கார் பரிசு உட்படப் பல பரிசுகளைப் பெற்றது.

அதன் கலைத்திறனுக்கு ஒரு காட்சி போதும். மருத்துவரைத் தேடி ஸ்கார்லெட் அட்லாண்டா இரயில் நிலையத்துக்கு வருகிறாள். முதலில் காயமுற்ற வீரர் சிலரைக் காண்கிறோம். கேமரா மெல்ல மேலெழ எழ, நூற்றுக்கணக்கானோர் தரையெங்கும் கிடக்கின்றனர். இறுதியில் கிழிந்துபோன தென்னாட்டுக் கொடி திரையின் ஓரத்தில் அசைகிறது. போரின் வீண்மையை உரையாடல் எதுவுமின்றி உணர்த்திய காட்சி அது.

இன்றைய பார்வை குறைகளை மட்டுமே காணும் என்று எண்ணலாகாது. முந்தைய தலைமுறையினர் ஸ்கார்லெட்டை அடங்காத பெண் என்று கருதியிருக்கக்கூடும். ஊரார் பழிக்க மர ஆலை நடத்தி, பசியினின்று தன் வீட்டைக் காக்கும் அவளிடம், தன்னலத்தோடு கலந்த ஆற்றலையும் இன்று நாம் காண்கின்றோம். அதே வேளையில், அவளுடைய மறுப்பை மீறிக் கணவன் அவளைத் தூக்கிக்கொண்டு படியேறுவதையும், மறுநாட் காலை அவள் மகிழ்ந்திருப்பதாகப் படம் காட்டுவதையும் நம்மால் காதல் என்று ஏற்க இயலாது. காலம் மாறும்போது சில காட்சிகள் ஒளி பெறுகின்றன. சில ஒளி இழக்கின்றன.

2. படம் சொல்லும் பொய்

1860-ஆம் ஆண்டின் குடிக்கணக்கின்படி அமெரிக்காவில் ஏறக்குறைய நாற்பது இலட்சம் பேர் அடிமைகளாக இருந்தனர். இப்படத்தில் அவர்களை விற்கும் சந்தை இல்லை, சாட்டை இல்லை, பிள்ளையைப் பிரிந்து கதறும் தாய் இல்லை. அழிந்துபோன இனிய கனவாகவே தொடக்க எழுத்துக்கள் அச்சமுதாயத்தை அறிமுகப்படுத்துகின்றன. தங்களை அடிமைகளாகவே வைத்திருக்கப் போரிடும் படைக்குப் பதுங்குகுழி வெட்ட, அடிமைகள் பாடிக்கொண்டு அணிவகுத்துச் செல்கின்றனர். விடுதலைக்குப் பின்னும் எசமானியை விட்டு நீங்காதவரே நல்லவர் என்று படம் குறிப்பால் உணர்த்துகிறது.

நம்மை மிகவும் உறுத்தியது மாலை ஜெபக் காட்சி. மெழுகுவர்த்தி ஒளியில் வீட்டுத் தலைவி ஜெபம் நடத்துகிறாள். குடும்பத்தார் முழங்காற்படியிட, அவர்களோடு வீட்டு அடிமைகளும் முழங்காற்படியிடுகின்றனர். காட்சி அழகாக இருக்கிறது. அந்த அழகே அதன் ஆபத்து. அடிமை முறையைக் குறித்த பிணக்கினால் அமெரிக்க மெதடிஸ்துகள் 1844-இலும், பாப்திஸ்துகள் 1845-இலும் வடக்கு, தெற்கு எனப் பிளவுண்டனர். வேத வசனங்களைக் கொண்டே அடிமை முறையை நியாயப்படுத்திய போதகர் பலர். தென் பாப்திஸ்து மாநாடு அதற்காகப் பொது மன்னிப்புக் கோரியது 1995-இல்தான். பிளவு நேர்ந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னர். இவ்வரலாற்றை அறிந்தவர் அம்மெழுகுவர்த்தி ஒளியில் அமைதி கொள்ள முடியாது.

3. ‘அக்காலம்’ யாருடைய காலம்?

‘அக்காலம் அப்படி’ என்னும் வாதத்தை இனி நோக்குவோம். அக்காலத்தார் எல்லாரும் ஒரே மனத்தினர், வேறு எண்ணம் ஒருவருக்கும் தோன்றியிருக்க முடியாது என்பது இவ்வாதத்தின் அடிப்படை. வரலாறு அவ்வாறு கூறவில்லை.

டி. டபிள்யூ. கிரிஃபித்தின் ‘ஒரு நாட்டின் பிறப்பு’ 1915-இல் வெளிவந்து, வெள்ளையர் வெறிக் கூட்டமாகிய கு கிளக்ஸ் கிளானை வீரர்களாகச் சித்திரித்தது. கறுப்பின மக்களின் முன்னேற்றச் சங்கம் அப்போதே அதனை எதிர்த்துப் போராடியது. மிட்சலின் நாவலுக்கு ஓராண்டு முன்னர், 1935-இல், டபிள்யூ. இ. பி. டு பாய்ஸ் போருக்குப் பிந்திய தென்னாட்டில் விடுதலை பெற்றோர் ஆற்றிய பணியை விரிவான வரலாற்று நூலாக எழுதி வெளியிட்டார். ஆகவே உண்மையை அறிய விரும்பியவர்க்கு அன்றே அறிய வழியிருந்தது. செல்ஸ்னிக்கும் அறியாதவரல்லர். கறுப்பினத் தலைவர்களும் பத்திரிகைகளும் வற்புறுத்தியதன்பேரில், நாவலிலிருந்த இழிசொல்லையும் கிளானின் பெயரையும் அவர் படத்திலிருந்து நீக்கினார். படம் வெளிவந்தபின் சில நகரங்களில் மறியல் நடந்தது. கார்ல்டன் மாஸ் என்னும் நாடகாசிரியர் செல்ஸ்னிக்குக்கு வெளிப்படையான கண்டனக் கடிதம் எழுதினார். பின்னாளில் மால்கம் எக்ஸ் என்று அறியப்பட்டவர், சிறுவனாக இப்படத்தைப் பார்த்தபோது கூனிக் குறுகியதைத் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்துள்ளார்.

இவர்களும் அக்காலத்தவரே. இவர்களுடைய முறையீட்டை இன்று நாம் கேட்கும்போது, இன்றைய அளவுகோலை நேற்றைக்குப் புகுத்துகிறோம் என்று சொல்வது பொருந்தாது. நேற்றே ஒலித்து, நேற்றே புறக்கணிக்கப்பட்ட குரலுக்குக் காலந்தாழ்த்திச் செவி கொடுக்கின்றோம். ‘அக்காலம் அப்படி’ என்பவர், அக்காலத்தில் அரங்கினுள் அமர்ந்திருந்தவர்களை மட்டுமே எண்ணுகிறார். வெளியே மறியலில் நின்றவர்களை எண்ணுவதில்லை.

அதற்காக, அக்காலத்தில் ஒடுக்கப்பட்டோர் எல்லாரும் எதிர்த்தே நின்றனர் என்றும் சொல்வதற்கில்லை. 1939 டிசம்பர் 15 அன்று அட்லாண்டாவில் படத்தின் முதற்காட்சி. முந்திய இரவு வெள்ளையர்க்கென்று நடனக் கொண்டாட்டம் ஒன்று நடந்தது. எபெனேசர் பாப்திஸ்து சபையின் பாடகர் குழு அதில் அடிமைகளின் உடையணிந்து பாடிற்று. அக்குழுவில் பத்து வயதுச் சிறுவன் ஒருவனும் இருந்தான். அவன் பெயர் மார்ட்டின் லூதர் கிங். அச்சபையின் போதகர் அவனுடைய தந்தையே. குழுவை அனுப்பியமைக்காக நகரத்துப் பாப்திஸ்து போதகர் சங்கம் அவரைக் கண்டித்தது. ஒரே நகரில், ஒரே இனத்தில், ஒரே சபைப் பிரிவில், ஒரே நாளில் இத்தனை மன வேறுபாடு! ‘அக்காலம்’ என்று ஒரே சொல்லில் எதனை அடக்குவது?

4. ஹேட்டி மெக்டேனியல்

இவ்வளவு கூறியபின், படத்தை எறிந்துவிடலாமா என்னும் கேள்வி எழும். எறிந்தால் ஹேட்டி மெக்டேனியலையும் சேர்த்தே எறிவோம்.

மேமி என்னும் வளர்ப்புத் தாயாக நடித்த இவர், அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஒருவரின் மகள். அட்லாண்டா முதற்காட்சிக்கு, நிறவேற்றுமைச் சட்டம் காரணமாக, அவரால் வர இயலவில்லை. 1940 பிப்ரவரி 29 அன்று சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கார் பரிசைப் பெற்றார். கறுப்பினத்தவர் ஒருவர் ஆஸ்கார் பெற்றது அதுவே முதன்முறை. அவ்விழாவிலும் உடன் நடித்தவர்களை விட்டு விலகி, சுவரோரத்து மேசை ஒன்றிலேயே அவருக்கு இடம் தரப்பட்டது. 1952-இல் அவர் மறைந்தபோது, அவர் விரும்பிய ஹாலிவுட் கல்லறைத் தோட்டம் நிறத்தின் பொருட்டு இடம் மறுத்தது.

படத்தின் பிற்பகுதியில், குழந்தையை இழந்த வீட்டின் மாடிப்படியில் மெலனியுடன் ஏறியவாறே மேமி அழுது கூறும் காட்சி வருகிறது. படிக்குப் படி அவர் குரல் தாழ்கிறது, மூச்சு வாங்குகிறது, துயரம் பெருகுகிறது. அவ்வேளையில் மேமி பணிப்பெண்ணாகத் தோன்றவில்லை. வீட்டில் நிகழ்வதனைத்தையும் அறிந்தவர் அவர் ஒருவரே என்று தோன்றுகிறது. எழுதிக் கொடுத்தவர்கள் அப்பாத்திரத்துக்குச் சொந்த வாழ்வு தரவில்லை. தனிப் பெயர்கூடத் தரவில்லை. நடித்தவர் அதற்கு உயிர் தந்தார். படத்தின் பொய்யினூடே ஓர் உண்மை இவ்வாறு நுழைந்துவிடுகிறது. அதனைக் கண்டெடுப்பதும் இன்றைய பார்வையின் பணியே.

2020 ஜூன் மாதத்தில், ஜார்ஜ் ஃபிளாய்ட் கொலையுண்டதையடுத்து எழுந்த கிளர்ச்சியின்போது, இப்படம் இணைய வழி ஒளிபரப்பொன்றிலிருந்து சில நாட்கள் நீக்கப்பட்டது. பின்னர் ஒரு திரைப்பட அறிஞரின் வரலாற்று விளக்கத்தை முன்னுரையாகச் சேர்த்து மீண்டும் வெளியிட்டனர். அம்முடிவு சரியானதென்றே கருதுகின்றோம். மறைப்பது எளிது. மறைத்துவிட்டால் நம் முன்னோர் எதனை இரசித்தார்கள் என்பதும், நாம் எதனை இரசித்தோம் என்பதும் சேர்ந்தே மறைந்துபோகும்.

ஆகவே பழைய படமொன்றைப் பார்க்கையில் மூன்று கேள்விகளைக் கேட்குமாறு மாணவர்க்கு எடுத்துரைத்தோம். கேமரா யாரைப் பின்தொடர்கிறது, யாரைக் கடந்து செல்கிறது? படம் யாரைக் கண்டு நம்மைச் சிரிக்க வைக்கிறது? அது வெளிவந்த நாளிலேயே அதனால் புண்பட்டவர் யார்? மூன்றாம் கேள்விக்கு விடை தேடினால், ‘அக்காலம் அப்படி’ என்று சொல்ல நமக்குத் துணிவு வராது.

5. நம்முடைய சிரிப்பு

தீர்க்கதரிசிகளின் கல்லறைகளைச் சிங்காரித்து, ‘பிதாக்களின் நாட்களில் நாங்கள் இருந்திருந்தால் அவர்களுக்கு உடன்பட்டிருக்கமாட்டோம்’ என்னும் கருத்தில் பேசினவர்களைக் குறித்து மத்தேயு இருபத்துமூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கின்றோம். பழைய படங்களை மதிப்பிடும் நமக்கும் அச்சோதனை உண்டு. அமெரிக்கரின் பாவத்தை எளிதில் கண்டுகொள்கின்றோம். அவ்வூர்ப் பாடகர் குழுவில் நின்ற அதே சிறுவன், வளர்ந்து, 1959-இல் இந்தியாவுக்கு வந்தார். திருவனந்தபுரத்துப் பள்ளியொன்றில், அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டத்தகாதவர் என்னும் பொருளில் தலைமையாசிரியர் தம்மை அறிமுகம் செய்ததையும், முதலில் திடுக்கிட்டுப் பின்னர் அது உண்மையே என்று தாம் உணர்ந்ததையும் 1965-இல் தம் சபையில் ஆற்றிய பிரசங்கத்தில் கிங் நினைவுகூர்ந்தார். அவ்வறிமுகம் அமெரிக்காவைப் பற்றிச் சொன்ன அளவுக்கு நம்மைப் பற்றியும் சொல்கிறது.

இடைவேளையில் எழுந்து சென்ற மாணவரை மறுநாள் தாழ்வாரத்தில் கண்டோம். படம் சலிப்பூட்டியதோ என்று கேட்டோம். சற்று நேரம் பேசாதிருந்தவர், “இல்லை ஐயா. அந்த வேலைக்காரப் பெண்ணை எசமானி அறைந்தபோது எல்லாரும் சிரித்தீர்கள். எங்கள் ஆயா பண்ணையார் வீட்டில் வேலை செய்தவர்” என்றார்.

பிரிஸ்ஸி என்னும் சிறுமி, பிரசவம் பார்க்கத் தனக்குத் தெரியாதென்று ஒப்புக்கொள்ள, ஸ்கார்லெட் அவளைக் கன்னத்தில் அறையும் காட்சி அது. சிரிப்பதற்கென்றே அமைத்த காட்சி. நாம் சிரித்தோமா என்று நினைவைத் துழாவிப் பார்த்தோம். சிரித்திருக்கின்றோம். விடுதி அறையில் அன்றும் சிரித்தோம். மாணவர் நடுவே இன்றும் சிரித்தோம்.

‘அக்காலம் அப்படி’ என்று அவரிடம் நம்மால் சொல்ல முடியவில்லை. மன்னிப்புக் கேட்டோம். அடுத்த வாரம் அக்காட்சியை மட்டும் மீண்டும் ஒருமுறை எல்லாரும் சேர்ந்து பார்த்தோம். அவரும் அமர்ந்திருந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை.