துருவைப் படம் பிடித்தல்

தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பழைய டிராக்டர்களைத் தேடிக் காமிராவுடன் அலைகிறவர்களில் நானும் ஒருவன். அந்தப் பாத்யதையில்தான் இதை எழுதுகிறேன். இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவை ஒரே படம்தான். சாயங்கால வெயில், துருவேறிய பானெட், பின்னணியில் தென்னை. பார்க்கிறவன் 'ஆகா' என்கிறான். இந்த ஆகா நமக்குப் பரிச்சயமானதுதான். காவேரி, படித்துறை, வெற்றிலை, கச்சேரி என்று இந்த மண்ணைப் பற்றி எழுதிக் குவிக்கப்பட்ட ஒரு வகை உரைநடை எழுப்பிய அதே ஆகா. படித்துறை இருந்த இடத்தில் இப்போது துரு.

க்ரூப் தொழிற்சாலையைப் புகைப்படம் எடுத்தால் அந்த ஸ்தாபனத்தைப் பற்றி அநேகமாக ஒன்றும் தெரிந்துவிடாது என்பது ப்ரெக்டின் கட்சி. வால்டர் பெஞ்சமின் 1931-ல் எழுதிய புகைப்படக் கட்டுரையில் இதை எடுத்துக்கொண்டு பேசுகிறார். மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கொட்டகையில் நிற்கும் மாஸ்ஸி பெர்குஸனுக்கும் இது பொருந்தும்.

அதன் சரித்திரம் கொட்டகைக்கு வெளியே இருக்கிறது. ஃபோர்டு பவுண்டேஷன் துணையோடு 1960-61-ல் தொடங்கிய தீவிர விவசாய மாவட்டத் திட்டத்துக்கு முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூர் ஒன்று. உரம், விதை, கடன், ஆலோசனை எல்லாம் ஒரே கட்டாக வந்ததால் 'பேக்கேஜ்' என்றே ஜனங்கள் சொன்னார்கள். 1959-ல் எய்ச்சரின் முதல் டிராக்டர் ஃபரீதாபாத்தில் வெளிவந்தது. 1960-ல் சென்னையில் மாஸ்ஸி பெர்குஸன் கூட்டுறவோடு டாஃபே தொடங்கியது. டாஃபே டிராக்டர்களுக்கு என்ஜின் செய்து தந்த சிம்ப்ஸன் கம்பெனி 1840-ல் சென்னையில் குதிரை வண்டி கட்ட ஆரம்பித்த கம்பெனி. குதிரை போய்க் குதிரைத்திறன் வந்த கதை ஒரே பெயர்ப்பலகையின் கீழ் நடந்திருக்கிறது.

ஆனால் டிராக்டரை வயலுக்குள் இறக்கியது கம்பெனி அல்ல, காலண்டர். மேட்டூர் ஜூனில் திறந்தால் குறுவை; குறுவை அறுத்த கையோடு தாளடி. இடையில் கிடைப்பது சில நாட்கள்தான், அதற்குள் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். 1960களின் நடுவில் ஆடுதுறை 27 என்ற குறுகிய கால ரகம் பரவியபோது இரண்டு போகம் எடுக்க ஆசைப்பட்டவர்கள் அதிகமானார்கள். அந்த அவகாசத்தில் ஒரு ஜோடி மாடு எத்தனை மா உழுது சேறடிக்கும்? 35 குதிரைத்திறன் அங்கேதான் அர்த்தப்படுகிறது. வண்டல் சேற்றில் ரப்பர் டயர் வழுக்கும், புதையும். அதனால் இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினார்கள். பழைய வண்டியின் பின் அச்சில் ஒரு குறிப்பிட்ட உயரம் வரை அரித்திருப்பது அந்தச் சேற்றின் அளவுகோடு. உழவு யந்திரத்துக்குப் போனது. நடவு பெண்களின் கையிலேயே நின்றது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். டிராக்டர்தான் காரணம் என்பது அசட்டுத்தனம். சண்டை கூலி பற்றியது, சங்கம் பற்றியது, வெளியூர் ஆட்களை இறக்கி அறுவடை செய்வது பற்றியது. ஆனால் அதிகமாக விளைந்த நெல் யாருக்கு என்ற கேள்வியும் அந்த பானெட்டும் ஒரே காலத்தவை. இந்திரா பார்த்தசாரதி 'குருதிப்புன'லில் (1975) அந்தச் சம்பவத்தை எடுத்துக்கொண்டார். அவர் அதைக் கையாண்ட விதத்தைப் பற்றி நமக்குள் தகராறு இருக்கலாம், அது வேறு. எடுத்துக்கொண்டார். புகைப்படக்காரன் என்ன எடுத்துக்கொண்டான்?

டோரதியா லாங்கே 1938-ல் டெக்ஸாஸில் எடுத்த படத்தில் டிராக்டர் கிடையாது. வாசல்வரை உழுத சால்கள், நடுவே ஆளற்ற வீடு, அவ்வளவுதான். டிராக்டரைப் பற்றி இதைவிடப் பெரிய படத்தை நான் பார்த்ததில்லை. ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே குத்தகைக்காரன் ஊரைவிட்டே போனான். இங்கே அவன் சேரியிலேயே இருந்தான், வேலை நாட்கள்தான் போயின. இல்லாததைக் காட்ட லாங்கேக்கு ஒரு காலி வீடு கிடைத்தது. நமக்கு அதுவும் கிடைக்காது.

ஒரு பட்டறைக்காரர் எனக்குச் சொன்னது எந்த விமர்சகன் சொன்னதைவிடவும் உபயோகமானது. "மூஞ்சியைப் புடிச்சு என்ன தம்பி பண்ணப்போறீங்க? பானெட்டு வேற வண்டியோடது, என்ஜின் ரெண்டாவது, முன்னாடி அச்சு நான் மாத்துனது. நம்பர் தகட்டைப் புடிங்க." நம் ஊரில் எந்தப் பழைய டிராக்டரும் முழுக்கப் பழையது அல்ல. இங்கிலாந்தில் ஒரு சாம்பல் நிற பெர்குஸனைப் பழையபடி வர்ணமடித்து உழவுப் போட்டிக்கு ஓட்டிப்போகிறார்கள். அங்கே அது பொழுதுபோக்கு. இங்கே டிரெய்லர் மாட்டிக் கொள்முதல் நிலையத்துக்கு மூட்டை இழுக்கும், கல்யாணத்துக்கு ஆள் ஏற்றும், ஓட முடியாதபோது இரும்பு விலைக்குப் போகும். பழமைக்கு இடமே இல்லாத ஒரு வாழ்க்கையின் மேல் பழமையின் அழகை நாம் பூசுகிறோம்.

பெர்ன்ட், ஹில்லா பெக்கர் தம்பதியர் ஜெர்மனியில் 1959 முதல் தண்ணீர்க் கோபுரங்களை மேகமூட்டமான நாளாகப் பார்த்து, நேருக்கு நேர் நின்று, வரிசை வரிசையாக எடுத்தார்கள். உணர்ச்சியை வெளியே நிறுத்திய அந்தப் பிடிவாதம் நமக்கு வேண்டும். ஆனால் அவர்கள் ஆளை விலக்கினார்கள். நாம் ஆளின் தடயத்தையாவது விடக்கூடாது. டிராக்டர் நிற்பது பல வீடுகளில் பழைய மாட்டுக் கொட்டகையில்தான். கழுநீர்த் தொட்டி அப்படியே இருக்கும், முளைக்குச்சி இருக்கும். பானெட்டில் சாமி பெயர், முதலாளி வீட்டுக் குழந்தைகள் பெயர். ஓட்டினவன் பெயர் எங்கும் இருக்காது. ஏர் பிடித்தவர்களில் எத்தனை பேர் ஸ்டியரிங் பிடித்தார்கள் என்று கேட்டால் திண்ணையில் கொஞ்ச நேரம் யாரும் பேசமாட்டார்கள்.

எச்.எம்.டி.யின் டிராக்டர் பிரிவை மூட 2016-ல் முடிவாயிற்று. எய்ச்சர் டிராக்டர் 2005-லேயே டாஃபேக்குப் போய்விட்டது. இனி தகடுகளும் அதிக நாள் இருக்கா. நான் இப்போது கிளட்ச் பெடலைத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். வெறுங்காலால் மிதித்து மிதித்து வரிகள் அழிந்து, இடது பாதத்தின் முன்பகுதி அளவுக்கு வழவழவென்று தேய்ந்த இரும்பு. இதுவரை ஒன்பது பெடல்கள் சேர்ந்திருக்கின்றன.