காதில் வைத்துக் கேட்க வேண்டிய ரீல்

பழைய தூண்டில் ரீல் ஒன்று கைக்கு வந்தால் உடனே செய்தவர் பெயரைத் தேடாதீர்கள். காதருகே பிடித்து மெதுவாக ஒரு சுற்று சுற்றுங்கள். கிர்ர்ர் என்று சத்தம் வரும். உள்ளே பல்சக்கரம், அதன் ஒவ்வொரு பல்லிலும் ஓர் உலோக நாக்கு ஏறி ஏறி விழுகிறது, ஒரு வில் அதைப் பின்னாலிருந்து அழுத்துகிறது. மீன் பிய்த்துக்கொண்டு ஓடும்போது நூல் கண்டபடி அவிழ்ந்து சிக்காமல் காப்பது இந்தத் தடைதான். பல் தேய்ந்திருந்தால் சத்தம் திக்கும்.

நான் சொல்வது ஃபிளை ஃபிஷிங் ரீல். இறகும் நூலும் கட்டிச் செய்த பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. கனத்த நூலை வீசி, அதன் வேகத்தில்தான் பூச்சியை ஆற்றில் இறக்குவார்கள். வீசும் நேரத்தில் ரீல் சும்மா இருக்கும்.

அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து மான்செஸ்டரில் சார்லஸ் ஆர்விஸ் 1874இல் காப்புரிமை பெற்ற ரீலைப் பாருங்கள். பக்கத் தகடெல்லாம் ஓட்டை. அழகுக்குப் போட்டதென்று தோன்றும். ஆனால் காரணம் வேறு: அன்றைய நூல் பட்டு. ஈரத்தோடு சுற்றி வைத்தால் இற்றுப்போகும். ஓட்டை வழியே காற்று புகுந்து அதை உலர்த்தும், எடையும் குறையும். உருளையை ஒடுக்கி, விட்டத்தைப் பெருக்கியதால் ஒரு சுற்றுக்குக் கூடுதல் நூல் ஏறும். இன்றைய ரீலுக்கும் ஏறக்குறைய அதே உடல்வாகுதான். வால்நட் மரப்பெட்டியில் வைத்து விற்றார்கள். பெட்டியோடு கிடைத்தால் உங்களுக்கு யோகம்.

நியூயார்க்கின் எட்வர்ட் வாம் ஹோஃப் செய்த ரீல் வேறு ரகம். கறுப்பு எபொனைட் (கெட்டி ரப்பர்) தகடு, ஜெர்மன் சில்வர் விளிம்பு, பாம்புபோல் நெளிந்த கைப்பிடி. ஜெர்மன் சில்வரில் குண்டுமணி வெள்ளி கிடையாது. செம்பு, நிக்கல், துத்தநாகம், அவ்வளவுதான். எபொனைட் வெயில் பட்டுப் பழுப்பேறியிருந்தால் முகம் சுளிக்காதீர்கள், அது வயசு.

இங்கிலாந்தின் ஆல்ன்விக்கில் ஹார்டி சகோதரர்கள் 1891இல் கொண்டுவந்த 'பெர்ஃபெக்ட்' ரீல் குண்டு பேரிங்கில் சுழல்வது. சுற்றிவிட்டால் வெண்ணெயாய் வழுக்கும். அதன் அலுமினிய வகைகளில் கரும்பூச்சு விரல் பட்ட இடங்களில் மட்டும் தேய்ந்து வெளுத்திருக்கும். அந்தத் தேய்மானத்தைத் தேடிப் பாருங்கள். பளபளவென்று மெருகேற்றி வைத்துக்கொண்டு, "தொடாத சரக்கு சார்" என்பவர் ரீல் விடுகிறார்.

திருகுத் தலைகளை லென்ஸ் வைத்துப் பாருங்கள். காடி சிதைந்திருந்தால் யாரோ பொருந்தாத திருப்புளியால் திறந்திருக்கிறார். பிறகு, கோலில் பொருத்தும் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். தன் கோலில் நுழையவில்லை என்று எவரேனும் அதை அரத்தால் ராவியிருக்கலாம். சேகரிப்பாளர்கள் இதற்கு விலையைக் குறைப்பார்கள். எனக்கு அப்படிப்பட்ட ரீல்தான் பிடிக்கும். பேரம் பேசவும் தோது.