உறைய வைக்கும் மின்சாரம்

அறுவை சிகிச்சையில் இரத்தக் கசிவை நிறுத்த, உயர் அதிர்வெண் மாறுமின்னோட்டம் திசுவுக்குள் செலுத்தப்படுகிறது. திசு சூடாகிப் புரதம் உறைய, சிறு நாளங்கள் அடைபடுகின்றன. வில்லியம் போவி அமைத்த கருவியை நரம்பறுவை நிபுணர் ஹார்வி குஷிங் 1926 அக்டோபர் 1 அன்று பாஸ்டனில் பயன்படுத்தினார். முன்பு கைவிடப்பட்ட மூளைக் கட்டிகளையும் அதன்பின் அகற்ற முடிந்தது. மலேசியாவின் செராஸில் உள்ள துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனை போன்ற போதனா மருத்துவமனைகளில் இன்று இது அன்றாடக் கருவி. கத்திக்கு இணையான மதிப்பு இதற்கும் உண்டு.

கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் மின்சாரத்தால் உறைய வைப்பது உண்டு; ஆனால் நடப்பது வேறு. அங்கே வெப்பத்துக்கு வேலையில்லை. அலுமினியம் அல்லது இரும்புத் தகடுகளில் நேர்மின்னோட்டம் பாய, நேர்மின்வாய்த் தகடு கரைந்து அயனிகளைத் தருகிறது. ஒன்றையொன்று விலக்கி மிதந்த அழுக்குத் துகள்கள் மின்னூட்டம் இழந்து, உலோக ஹைட்ராக்சைடோடு திரள்கின்றன. எதிர்மின்வாயில் எழும் ஹைட்ரஜன் குமிழிகள் அத்திரள்களில் சிலவற்றை மேலே தூக்குகின்றன. மற்றவை அடியில் படிகின்றன. படிகாரம் கொட்டாமலே படிகாரத்தின் பலன்! அழகான ஏற்பாடுதான்.

மலேசிய ஆய்வாளர்கள் இதைச் செம்பனை ஆலைக் கழிவுநீரில் சோதித்துள்ளனர். நிறமும் மிதக்கும் துகளும் நன்றாகக் குறையும். கரைந்த கரிமப் பொருள்களில் பெரும்பகுதி தப்பிவிடும். தகடு தேய்மானம், மின்கட்டணம், சேறு ஆகியவை தனிச் செலவு. ஆகவே ஆலைகளில் நுண்ணுயிர்க் குளங்களே இன்றும் முதன்மை முறை.