இளையோர் நாவல்களின் திரையாக்கத்தில் தன்மைக் கூற்று: லோகன் லெர்மன் நடித்த இரு படங்களை முன்வைத்து

மொழிபெயர்ப்பை மூவகைப்படுத்திய ரோமன் யாகோப்சன் (1959), ஒரு மொழிக்குள் நிகழ்வது, இரு மொழிகளுக்கிடையே நிகழ்வது ஆகியவற்றோடு, மொழிக் குறிகளை மொழியல்லாத குறிகளாக மாற்றுவதையும் ஒரு வகையாகக் கொண்டார். நாவலைத் திரைப்படமாக்குவது இம்மூன்றாம் வகையைச் சாரும். எனினும் திரையாக்கத் திறனாய்வுகள் பெரும்பாலும் எந்நிகழ்ச்சி விடப்பட்டது, எது சேர்க்கப்பட்டது என்று கணக்கிடுவதோடு நின்றுவிடுகின்றன. இளையோர்க்கான ஆங்கில நாவல்கள் பல தன்மைக் கூற்றில் அமைந்தவை. அவற்றில் கதையினும் கதைசொல்லியின் மொழியே முதன்மையானது. அக்கூற்று திரையில் என்னவாகிறது என்பதே முதலில் எழுப்பத்தக்க வினா. அமெரிக்க நடிகர் லோகன் லெர்மன் (பி. 1992) நடித்த இரு படங்கள் இதனை ஆராய உதவுகின்றன. நடிகர் ஒருவரே, மூலங்கள் இரண்டும் தன்மைக் கூற்றின, விளைவோ வேறு.

1. பெர்சி ஜாக்சன்

ரிக் ரியோர்டனின் 'தி லைட்னிங் தீஃப்' (2005) நாவலில் பெர்சி 12 வயதுச் சிறுவன். வாசகரை முன்னிலையில் விளித்து எச்சரித்தே கதையைத் தொடங்குகிறான். அவன் அறிந்தது மட்டுமே வாசகருக்கும் தெரியும். கிறிஸ் கொலம்பஸ் இயக்கிய படமோ (2010), கடலிலிருந்து எழும் பொசைடன் ஜீயஸைச் சந்திக்கும் காட்சியோடு தொடங்குகிறது. மின்னல் ஆயுதம் களவுபோன செய்தியைப் பெர்சிக்கு முன்பே பார்வையாளர் அறிந்துவிடுகின்றனர். முதற்காட்சியிலேயே தன்மை படர்க்கையாகிவிடுகிறது. பாத்திரத்தின் வயதும் உயர்த்தப்பட்டுள்ளது. சிறுவனிடத்தில் அச்சத்தை மறைக்கும் கேலிப்பேச்சு, வளர்ந்த இளைஞனின் வாயில் வெறும் துடுக்காக ஒலிக்கிறது. இக்குறை நடிகருடையதன்று; அவருக்குத் தரப்பட்ட கூற்றிடம் மாறியதன் விளைவு. 2023இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் 12 வயதையும் பெர்சியின் பின்னணிக் குரலையும் மீட்டதோடு, நாவலின் தன்மை இடத் தலைப்புகள் சிலவற்றை அத்தியாயப் பெயர்களாகவும் கொண்டது இங்குக் கருதத்தக்கது.

2. சார்லி

ஸ்டீபன் ச்பாஸ்கியின் 'தி பெர்க்ஸ் ஆஃப் பீயிங் எ வால்ஃப்ளவர்' (1999) கடித வடிவ நாவல். பெயர் சுட்டப்படாத ஒரு நண்பருக்குச் சார்லி எழுதும் கடிதங்கள் அதன் உள்ளடக்கம். ஆசிரியரே திரைக்கதை எழுதி இயக்கிய படத்தில் (2012) கடிதக் குரல் ஓரளவே ஒலிக்கிறது. எனினும் தன்மைக் கூற்று அழியவில்லை. பள்ளி உணவுக்கூடச் சண்டையைச் சான்றாகக் காட்டலாம். நாவலில் அதனைச் சார்லியே விவரிக்கிறான். படத்தில் திரை இருள்கிறது. பின்னர் கீழே கிடக்கும் மாணவர்களையும் தன் கைமுட்டியையும் அவன் காண்பதையே நாம் காண்கிறோம். அவன் நினைவில் இல்லாதது திரையிலும் இல்லை. சொல்லால் இயன்றதைப் படம் இன்மையால் இயற்றுகிறது. எஞ்சியதை லெர்மனின் தயக்கமும் மௌனமும் சுமக்கின்றன. எனவே தன்மைக் கூற்று என்பது 'நான்' என்னும் சொல்லோ பின்னணிக் குரலோ மட்டுமன்று. அஃது அறிவின் எல்லை எனலாம்.

3. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு

இம்முடிவு மொழிபெயர்ப்பிற்கும் பொருந்தும். தமிழில் '-ஏன்' விகுதி தன்மையை இயல்பாகவே காக்கும். ஆனால் எல்லையைக் காக்காது. சார்லி தொடக்கத்தில் வாக்கியங்களை 'உம்' பொருளுடைய ஆங்கில இணைப்புச் சொல்லால் கோத்துக்கொண்டே போகிறான். அவன் நடை பின்னரே தேர்ச்சி பெறுகிறது. அவ்விணைப்புகளையெல்லாம் வினையெச்சங்களாக்கினால் முதிர்ந்தோர் எழுதும் செறிவான உரைநடை உருவாகி, அவ்வளர்ச்சி முதற்பக்கத்திலேயே மறைந்துவிடும். முற்றுவினைகளால் முடியும் சிறு வாக்கியங்களே அங்குத் தகும். விளிப்பிலும் இத்தகைய இடர் உண்டு. ஆங்கிலத்தில் அந்நண்பர் ஆணா பெண்ணா, மூத்தவரா ஒத்த வயதினரா என்பது தெரியாது. தமிழில் 'நண்பா', 'தோழி' என்றால் பால் வெளிப்படும். 'நீ', 'நீங்கள்' என்பவற்றுள் ஒன்றைத் தேர்ந்தாலோ உறவின் நெருக்கம் வெளிப்படும். 'நண்பருக்கு' என்று தொடங்கி 'நீங்கள்' என்று தொடர்வதே, சற்று விலக்கம் தோன்றினும், மூலம் மறைத்ததை வெளிப்படுத்தாத வழி.

மூலத்தில் உள்ளதனைத்தும் வந்துவிட்டதா என்று மட்டும் பார்ப்பது நிறைவான அளவுகோலாகாது. கதைசொல்லி அறியாதது, சொல்லாதது ஆகியவையும் அவ்வாறே காக்கப்பட்டனவா என்பதனையும் சேர்த்தே திரையாக்கத்தையும் மொழிபெயர்ப்பையும் மதிப்பிடுதல் வேண்டும்.